பார்வை குறைந்துகொண்டே வருகிறது, இப்போது டிஜிட்டல் மார்க்கெட்டிங் படிக்கலாமா?

வாசகியின் கடிதம் நீளமானது. பெயரையும் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 36, வணிகவியல் பட்டதாரி, பத்து வருடமாக ஒரு அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலை. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்கிற விழித்திரை நோயால் முதலில் இரவுப் பார்வை போயிருக்கிறது, பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கியிருக்கிறது. இப்போது நடுவில் தெரிகிற பகுதியை வைத்துக்கொண்டு, எழுத்தைப் பல மடங்கு பெரிதாக்கி வேலையை ஓட்டுகிறார். அலுவலகத்தில் யாருக்கும் முழு விவரம் தெரியாது. ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் ஆறு மாத டிஜிட்டல் மார்க்கெட்டிங் படிப்புக்கு அழைக்கிறது. நூறு சதவீத வேலை உத்தரவாதம், ஏழு சான்றிதழ்கள், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்கிறார்கள். கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும், முடியாவிட்டால் அவர்களே ஒரு கடன் நிறுவனத்தைக் கை காட்டுகிறார்கள், இந்த மாதக் கடைசிக்குள் சேர்ந்தால் தள்ளுபடியும் உண்டு. அண்ணன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடத் தயார். கணவரோ, "அது முழுக்கப் பார்த்துச் செய்கிற வேலை, உன்னால் எத்தனை நாள் முடியும்?" என்கிறார். இந்தப் படிப்புக்கு மதிப்பு உண்டா, 36 வயதில் யார் எடுப்பார்கள், கண்ணைப் பற்றி வேலை கொடுப்பவரிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டுவிட்டு, "பார்வை முழுசாகப் போவதற்குள் எதையாவது கற்றுக்கொண்டுவிட வேண்டும்" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மற்ற முடிவுகளையெல்லாம் அதுதான் அவசரப்படுத்துகிறது. இந்த நோய் எந்த வேகத்தில் போகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், நடுப்பார்வை பல வருடம் நிற்பவர்களும் உண்டு. அதை உங்கள் கண் மருத்துவர்தான் சொல்ல முடியும், குறைபார்வைக்கான மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்குமா என்றும் அவரிடமே கேளுங்கள். நான் சொல்ல வருவது வேறு. பார்வை இருக்கும்போதே கற்றுவிடலாம் என்று நினைத்து, கண்ணையும் மவுசையும் நம்பி ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டால், பார்வை இன்னும் குறையும்போது அதே தொழிலை இரண்டாவது தடவை முதலிலிருந்து கற்க வேண்டி வரும். அந்த இரண்டாவது தடவை வேலையில் இருந்துகொண்டே, டெட்லைனுக்கு நடுவில் கற்பதாக இருக்கும். அதனால் முதல் நாளிலிருந்தே, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்கிற திரை வாசிப்பானோடு, விசைப்பலகையோடு கற்பதுதான் உங்களுக்கான வழி. எந்த நிறுவனம், எந்தப் படிப்பு என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கணவர் சொல்வதில் பாதி சரி

டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்றாலே இன்ஸ்டாகிராம் படமும் குட்டி வீடியோவும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், உங்கள் கணவரும் அதை வைத்துத்தான் பேசுகிறார் என்று நினைக்கிறேன். போஸ்டர் வடிவமைப்பு, வீடியோ எடிட்டிங், இழுத்து நகர்த்தி அடுக்குகிற டிசைன் கருவிகள், இவை உங்களுக்குக் கஷ்டம்தான். அந்தப் பக்கம் போய் மற்றவர்களோடு போட்டி போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் துறையில் எழுத்தும் எண்ணும் மட்டுமே ஆன பெரிய பகுதி ஒன்று இருக்கிறது.

கூகுளில் தேடும்போது மேலே வருகிற விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பாலும் எழுத்துதான். ஒரு விளம்பரத்துக்கு 30 எழுத்துக்கு மிகாத தலைப்புகள் 15 வரை, 90 எழுத்துக்கு மிகாத விளக்கங்கள் 4 வரை எழுதிக் கொடுக்கலாம். எந்தச் சேர்க்கை நன்றாகப் போகிறது என்பதைக் கூகுளே மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்துக்கொள்ளும். அதன் கணக்கும் எளிமையானதே. விளம்பரம் 2,000 தடவை காட்டப்பட்டு 60 பேர் அழுத்தினால் அழுத்தும் விகிதம் 3 சதவீதம், அந்த 60 பேரில் 3 பேர் பொருள் வாங்கினால் 5 சதவீதம். முதல் எண் குறைந்தால் விளம்பரத்தின் வாசகத்தையும் அது யாருக்குக் காட்டப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும், இரண்டாவது எண் குறைந்தால் அழுத்திய பிறகு வந்து சேரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். இப்படி யோசிப்பதுதான் வேலையின் மையம், இதற்குக் கூரிய கண் தேவையில்லை. மின்னஞ்சல் மார்க்கெட்டிங், தேடலில் ஒரு பக்கத்தை முன்னால் வரவைக்கிற எஸ்இஓ, விளம்பரக் கணக்கு நிர்வாகம், அறிக்கை தயாரிப்பு எல்லாம் இந்த வகைதான். வரைபடங்கள் திரை வாசிப்பானுக்குப் பெரும்பாலும் ஒத்துழைக்காது, உண்மை. ஆனால் வரைபடத்துக்குப் பின்னால் இருக்கிற அட்டவணையை ஸ்ப்ரெட்ஷீட்டாக இறக்கிக்கொள்ளலாம், ஸ்ப்ரெட்ஷீட் உங்களுக்குப் பத்து வருடப் பழக்கம்.

அந்தப் பத்து வருடத்தை நீங்கள் கடிதத்தில் "வெறும் டேட்டா என்ட்ரி" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எழுதாதீர்கள். விளம்பர இணைப்புகளின் வாலில் எங்கிருந்து, எந்த வழியாக, எந்த விளம்பரத்தால் ஆள் வந்தார் என்று குறிக்கிற யூடிஎம் குறிச்சொற்கள் என்று ஒன்று உண்டு. அதில் ஒருவர் பெரிய எழுத்தில் தொடங்கியும் இன்னொருவர் சின்ன எழுத்திலும் அதே பெயரை எழுதினால், இணையதளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கிற கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற கருவி அவற்றை இரண்டு தனித்தனி இடங்களாகவே எண்ணும். அறிக்கை முழுக்கக் குழம்பிப்போகும், எந்த விளம்பரம் பலன் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இருபது வயதில் உற்சாகமாக வருகிறவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு எழுத்துப் பிசகினால் என்ன ஆகும் என்று தெரிந்த ஆள் டீமில் இருப்பதன் அருமை அறிக்கை கொடுக்கும் நாளில் தெரியும். வயதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல நினைப்பது குறைவு. தயக்கம் காட்டுகிற நிறுவனங்கள் உண்டு, செய்த வேலையைக் காட்டினால் அந்தத் தயக்கம் பெருமளவு குறைகிறது. காட்ட ஒன்றுமில்லாதவர்களிடம்தான் வயதைப் பற்றிய கேள்வி பெரிதாக வரும்.

நீங்கள் குறையாக நினைப்பது இங்கே ஒரு அறிவு

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் குறிப்பிடத்தக்க மாற்றுத்திறனோடு வாழ்பவர்கள் சுமார் 130 கோடி பேர், உலக மக்கள் தொகையில் 16 சதவீதம். இவர்களும் வாங்குகிறவர்கள்தான். ஆனால் வெப்எய்ம் என்ற அமைப்பு 2025-ல் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது 94.8 சதவீதப் பக்கங்களில் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி பக்கம் இருக்க வேண்டும் என்கிற அணுகல் நெறிமுறைகளுக்கு மாறான பிழைகள் இருந்தன. அதிகம் காணப்பட்ட பிழை, பின்னணியோடு கலந்து மங்கித் தெரிகிற எழுத்து. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற மாறுபாடு வேண்டும் என்று நெறிமுறை சொல்கிறது. அந்த மங்கிய எழுத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிற உங்களுக்கு அது ஏன் முக்கியம் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எஸ்இஓ கற்கும்போது இன்னொன்றையும் கவனிப்பீர்கள். தேடுபொறி ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்ள நம்புகிற விஷயங்களில் பல, திரை வாசிப்பானும் நம்புகிறவையே. ஒழுங்கான தலைப்பு வரிசை, படத்துக்கான மாற்று உரை, "இங்கே அழுத்தவும்" என்று மொட்டையாக இல்லாமல் எங்கே போகிறது என்று சொல்கிற இணைப்பு, வீடியோவுக்கு எழுத்து வடிவம். மாற்று உரையில் தேடுசொற்களைத் திணிக்கச் சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், அது தவறு, அந்த உரை முதலில் படத்தைப் பார்க்க முடியாதவருக்காக இருக்கிறது. மின்னஞ்சல் தலைப்பில் ஐந்து எமோஜி போட்டால் திரை வாசிப்பான் ஐந்தின் பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வரும். இதை ஒரு மார்க்கெட்டிங் டீமில் அனுபவத்திலிருந்து சொல்லக்கூடியவர் அபூர்வம். சட்டமும் இந்தப் பக்கம் நகர்கிறது. ஐரோப்பிய அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் மின்வணிகத் தளங்களுக்கும் பொருந்துகிறது, ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு விற்கிற வெளிநாட்டு நிறுவனங்களும் இதில் வரும். ஆக, டிஜிட்டல் மார்க்கெட்டிங்கோடு அணுகல் பற்றிய அறிவையும் சேர்த்து வைத்துக்கொள்கிறவருக்கு இனி தேவை கூடத்தான் செய்யும் என்பது என் கணிப்பு.

படிப்பு வேலை வாங்கித் தருமா?

படிப்பு மட்டும் தராது. இந்தத் துறையில் ஆள் எடுக்கிறவர்கள் சான்றிதழைப் பார்ப்பார்கள், ஆனால் அடுத்த கேள்வி, "எந்த விளம்பரக் கணக்கை நடத்தினீர்கள், என்ன ஆயிற்று?" என்பதுதான். ஏழு சான்றிதழ் என்று சொன்னார்கள் இல்லையா, அவற்றின் பெயர்களை எழுதி வாங்குங்கள். கூகுளின் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பின் விளம்பரச் சான்றிதழ்கள், ஹப்ஸ்பாட் என்ற மார்க்கெட்டிங் மென்பொருள் நிறுவனத்தின் அகாடமி தருகிற மின்னஞ்சல், உள்ளடக்க மார்க்கெட்டிங் சான்றிதழ்கள் எல்லாம் யார் வேண்டுமானாலும் இலவசமாக எழுதிப் பெறக்கூடியவை. கூகுளின் தேடல் விளம்பரச் சான்றிதழுக்கு 80 சதவீத மதிப்பெண் வேண்டும், ஒரு வருடம் செல்லும், பிறகு மறுபடி எழுத வேண்டும். அந்த ஏழில் பெரும்பாலானவை இந்த வகையாக இருந்தால், சான்றிதழுக்காகக் கட்டணம் கட்டத் தேவையில்லை. நல்ல ஆசிரியர், உங்கள் வேலையைத் திருத்திக் கொடுக்கிற ஒருவர், நிஜமான கணக்கில் பயிற்சி, இவற்றுக்குத்தான் கட்டணம் கட்ட வேண்டும். இவை கிடைத்தால் கட்டணம் வீண் இல்லை என்றும் சொல்வேன், ஏனென்றால் தனியாகப் படிக்கிறவர்கள் பாதியில் விடுவதற்குப் பெரிய காரணம் திருத்த ஆள் இல்லாததுதான்.

வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்பதையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முடியும், ஆனால் ஆரம்ப வேலைகள் பல ஏஜென்சிகளில்தான் கிடைக்கும், ஒரே நேரத்தில் பல வாடிக்கையாளர்களின் கணக்கைப் பார்க்க வேண்டும், மாதக் கடைசியில் அழுத்தம் இருக்கும். தனியாகச் செய்தால் முதல் வருடம் வருமானம் ஏறி இறங்கும். அப்புறம் செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, சாதாரணமான பதிவுகளை எழுதிக் கொடுக்கிற வேலையின் மதிப்பு குறைந்துவிட்டது. "கன்டென்ட் ரைட்டிங்" மட்டும் கற்றுக்கொண்டு வேலைக்குக் கிளம்புவதை இப்போது நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. என்ன எழுத வேண்டும், யாருக்கு, பலன் வந்ததா என்று எண்ணை வைத்து முடிவு செய்கிறவர்களுக்கு இடம் இருக்கிறது.

முதல் இரண்டு மாதம்

வேலையை விடாதீர்கள், கடனும் வாங்காதீர்கள். என்விடிஏ என்ற திரை வாசிப்பான் விண்டோஸுக்கு இலவசம், 2006-லிருந்து வளர்ந்துவரும் மென்பொருள். தினமும் கொஞ்ச நேரம் திரையை அணைத்துவிட்டு அதைக் கொண்டே செய்தி படியுங்கள். ஹெச் (H) விசை தலைப்பிலிருந்து தலைப்புக்கும், டி (T) அட்டவணைக்கும், கே (K) இணைப்புக்கும் கூட்டிப்போகும். முதல் வாரம் எரிச்சல் வரும், விட்டுவிடத் தோன்றும். கொஞ்ச நாளில் பேச்சின் வேகத்தைக் கூட்டத் தொடங்குவீர்கள், அங்கிருந்து நிலைமை மாறும்.

அதே சமயம் ஸ்கில்ஷாப்பில் தேடல் விளம்பரப் பாடத்தைத் திரை வாசிப்பானோடு தொடங்குங்கள். கூகுள் அனலிட்டிக்ஸில் கூகுளின் சொந்தக் கடைத் தரவைக் கொண்ட மாதிரிக் கணக்கு ஒன்று எல்லாருக்கும் திறந்திருக்கிறது. அதில் போய், போன மாதம் எந்த வழியாக வந்தவர்கள் அதிகம் வாங்கினார்கள் என்று கண்டுபிடித்து ஒரு பக்க அறிக்கை எழுதிப் பாருங்கள். இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது அந்த ஒரு பக்கத்தில் தெரிந்துவிடும், எந்த ஆலோசகரும் அதைச் சொல்ல முடியாது.

பிடித்தால், நிஜக் கணக்குக்கு ஒரு வழி இருக்கிறது. தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்குக் கூகுள் மாதம் 10,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை தேடல் விளம்பரங்களை இலவசமாகத் தருகிறது. ஆனால் அந்தக் கணக்கில் அழுத்தும் விகிதம் 5 சதவீதத்துக்குக் குறையாமல் காக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. சின்ன அமைப்புகள் பலவற்றில் அதைக் கவனிக்க ஆள் இருப்பதில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக இயங்கும் ஒரு அமைப்பை அணுகி, வாரத்தில் சில மணி நேரம் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். நேர்முகத்தில் பேசுவதற்கு ஆறு மாத வகுப்பை விட இது உதவும்.

பணம் கட்டுகிற எண்ணம் இருந்தால்

அந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டியதை எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு வகுப்பில் இலவசமாக உட்கார்ந்து பார்க்க விடுவார்களா? அவர்களுடைய பாடத் தளம் விசைப்பலகையால் மட்டும் இயங்குமா, பாடக் குறிப்பு எழுத்தாக இருக்கிறதா அல்லது படமாகவா, ஆசிரியர் திரையில் "இதோ இங்கே" என்று காட்டாமல் வாயால் சொல்லி நடத்துவாரா? இதில் தடுமாறினால், ஆறு மாதமும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் படிக்க வேண்டியிருக்கும். பாடத்திட்டம் பழையதா என்று பார்க்க ஒரு சுலபமான அடையாளம்: கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் என்று இன்னும் போட்டிருந்தால் பாடம் பழையது, அந்தப் பதிப்பு 2023 ஜூலை 1-லேயே தரவு சேகரிப்பதை நிறுத்தியாயிற்று.

"நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்பது ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வேலை என்பது பெரும்பாலும் "வேலை தேட உதவி" என்று சுருங்கியிருக்கும், அல்லது தொலைபேசியில் விற்கிற வேலையும் வேலைக் கணக்கில் சேரும், அல்லது பணம் திரும்பத் தருவதற்கு வருகைப் பதிவும் விண்ணப்ப எண்ணிக்கையும் நிபந்தனையாக இருக்கும். கடன் விஷயத்தில் அண்ணனுக்கும் இது தெரிய வேண்டும்: பெரும்பாலும் கடன் கொடுப்பவர் பயிற்சி நிறுவனம் அல்ல, தனி நிறுவனம். நீங்கள் படிப்பை விட்டாலும், அவர்கள் சொன்னபடி நடத்தாவிட்டாலும், தவணை தானாக நிற்காது, நீங்கள் கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவர் தலையில் விழும்.

கண்ணைப் பற்றிச் சொல்வதா?

2006-ல் ஐநா ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-வது பிரிவு, பணியிடத்தில் நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்கிறது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. உங்கள் நாட்டுச் சட்டம் அதை எந்த அளவுக்கு, எந்த மருத்துவச் சான்று இருந்தால் தருகிறது என்பதை மாற்றுத்திறனாளிகள் உரிமை தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள், இப்போதைய வேலைக்கும் அது பயன்படும். உரிமை தாளில் இருந்தாலும் பாகுபாடு நடக்கிறது என்பது நிஜம், அதனால் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள் என்று நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் எழுத்துத் தேர்வோ கணினித் தேர்வோ வைத்தால் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நோயின் பெயரையும் வரலாற்றையும் சொல்ல வேண்டியதில்லை. "நான் திரை வாசிப்பான் பயன்படுத்துகிறேன், தேர்வுத் தரவை ஸ்ப்ரெட்ஷீட்டாக அனுப்பினால் மற்றவர்களைப் போலவே முடித்துத் தருவேன்" என்றால் போதும். என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேட்கிறவரிடம் நல்ல மேலாளர்கள் சங்கடப்படுவதில்லை. அந்த வாக்கியத்துக்கே முகம் சுளிக்கிற இடத்தில் சேர்ந்திருந்தால், இப்போதைய அலுவலகத்தைப் போலவே அங்கேயும் நீங்கள் மறைத்து மறைத்துத்தான் உழைத்திருப்பீர்கள்.

இப்போதைய அலுவலகத்தில் மறைத்துக்கொண்டு இருப்பது எவ்வளவு களைப்பு என்று உங்கள் கடிதத்தின் நடுப்பகுதியில் தெரிகிறது. அங்கே யாரிடமாவது ஒருவரிடம் சொல்ல முடியுமா என்று யோசியுங்கள். பெரிய திரையோ திரை வாசிப்பானோ அலுவலகச் செலவில் கிடைத்தால், அடுத்த இரண்டு மாதப் பயிற்சியும் அந்த வேலையோடேயே நடக்கும்.

மாதக் கடைசித் தள்ளுபடியை விட்டுவிடுங்கள். சேர்க்கை தேவைப்படுகிற நிறுவனம் அதே தள்ளுபடியை அடுத்த மாதமும் தர வாய்ப்பு அதிகம், தராவிட்டாலும் இழப்பு பெரிதில்லை. கூகுள் மாதிரிக் கணக்கை வைத்து எழுதுகிற அந்த ஒரு பக்க அறிக்கையை, முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். கணவருக்கும் அதைப் படித்துக் காட்டுங்கள்.